மூக்குக்கு விழுந்த பெனால்டி

ஒரு காட்டில் நீதி, நேர்மை, நியாயம் மூன்றும் குடியிருந்தன என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அந்தக் காட்டில் இருந்தது ஒரு மடு, ஒரு பந்து, ஒரு விசில். அதை வைத்துக்கொண்டு என்ன கதை சொல்ல முடியுமோ அதைத்தான் சொல்லப் போகிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

காடு ஒன்றுதான். உள்ளே இருப்பவர்களுக்கு அது இரண்டு. ஓடைக்கு இந்தப் பக்கம் ஆலங்காடு, அந்தப் பக்கம் வேலங்காடு. இரண்டுக்கும் நடுவில் கருமடு. எந்தக் கோடையிலும் வற்றாத தண்ணீர். முன்பெல்லாம் அந்தத் தண்ணீருக்காக இரண்டு பக்கத்தாரும் முட்டி மோதிக் கொம்பு முறிந்து, காது கிழிந்து கிடப்பார்கள். அப்புறம் நாகரிகம் வந்தது. சண்டை போடுவது அசிங்கம், பந்து விளையாடித் தீர்த்துக்கொள்வோம் என்று பேசி முடித்தார்கள். இப்போதும் கொம்பு முறிகிறது, காது கிழிகிறது. விசில் ஊதிவிட்டுச் செய்வதால் விளையாட்டு என்று பெயர்.

ஒப்பந்தத்தை மடுக்கரை மருத மரத்தில் மரங்கொத்தி கொத்தி வைத்திருந்தது. "தோற்ற காட்டார் அடுத்த மழை வரை மடுவில் வாயோ மூக்கோ வைக்கலாகாது. போகிற வழியில் கை கால் கழுவிக்கொள்ளத் தடையில்லை." முதலில் வாய் மட்டும்தான் இருந்தது. ஒரு வருசம் தோற்ற பக்கத்து யானைகள், "நாங்க வாய் வைக்கலையே, மூக்கைத்தானே வச்சோம்" என்று பாதி மடுவைக் காலி செய்த பிறகு மூக்கையும் சேர்த்துக் கொத்தினார்கள். கை கழுவ விட்டது பெருந்தன்மை. அந்தச் சாக்கில் தோற்ற பக்கத்து மந்திகள் இரண்டு கை அள்ளிக் குடித்துக்கொள்ளும். ஒரு மந்தி அள்ளி மடு வற்றிவிடுமா என்று யாரும் கண்டுகொள்வதில்லை.

மற்றவர்கள் மூன்று மேடு ஏறி இறங்கிக் கல்குவாரிக் குட்டைக்குப் போக வேண்டும். அந்தத் தண்ணீரில் டீசல் வாடை அடிக்கும். அதற்கும் வரிசையில் நின்று டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் கொடுப்பவர் ஆமை. அந்த வரிசையைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

ஆலங்காட்டில் அங்கம்மா என்று ஒரு யானை. ஒரு தடவை பள்ளத்தில் விழுந்ததில் அவளுக்கு இடது பின்னங்கால் மடங்காது. சமதரையில் நடப்பாள், மேடு ஏற மாட்டாள். ஆலங்காடு தோற்ற முதல் வருசம் ஓடை மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் குடித்தாள். இரண்டாவது வருசமும் தோற்றார்கள், சேற்றைக் குடித்தாள். இந்த வருசம் ஓடையில் புழுதிதான் பறந்தது. இன்னொரு தடவை தோற்றால் அங்கம்மா அடுத்த மழையைப் பார்க்க மாட்டாள் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். வேலங்காடு "ஐயோ பாவம்" என்றது. சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போனது.

அவளையே கோல்கீப்பராக நிறுத்த வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நிறுத்திப் பார்த்தார்கள். கோல் முழுக்க அங்கம்மாவாகவே இருந்தது. எதிரணி, "கோலே தெரியல, எங்க அடிக்கிறது?" என்று புகார் எழுதிப்போட்டது. கோல்கீப்பர் கோலைவிடச் சின்னதாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அதனால் சுருளி என்ற அழுங்கை, அதாவது எறும்புதின்னியை, நிறுத்தினார்கள். உடம்பெல்லாம் செதில், நல்ல பையன், கூப்பிட்ட குரலுக்கு வருவான். ஒரே குறை, பயம் வந்தால் பந்து மாதிரிச் சுருண்டுகொள்வான். கோல்கீப்பருக்குப் பயம் வராத நேரம் எது என்று யாரும் யோசிக்கவில்லை.

அங்கம்மா கோலுக்கு முன்னால் தடுப்பாட்டத்துக்கு வந்தாள். பயிற்சியாளர் மாசானம், உடும்பு. அவர் சொல்லிக் கொடுத்தது ஒரே பாடம். "புடிச்சா விடக் கூடாது." கால்பந்தில் பிடிப்பதே தப்பு என்று யாரோ சொல்லிப் பார்த்தார்கள். அவர் பிடித்த பிடியை விடவில்லை.

வேலங்காட்டுத் தலைவர் நரி சாந்தப்பன். ஓட்டம் சுமார், உதை சுமார், விழுவதில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பக்கத்தில் இலை விழுந்தால்கூட இவரும் விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருளுவார்.

நடுவர் நாரை திருவேங்கடம் வெளியூர் ஏரிக்காரர். ஒற்றைக் காலில் நிற்பவர் எந்தப் பக்கமும் சாய மாட்டார் என்று நம்பி அழைத்து வந்தார்கள். ஒற்றைக் காலில் நிற்பவர்தான் காற்றடித்த பக்கம் சாய்வார் என்பது நமக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. சந்தேகம் வந்தால் மறுபார்வை பார்க்க மேலே ஒரு காக்கை. பெயர் வெள்ளைச்சாமி. ஒரு தடவை இந்தக் கண்ணால் பார்ப்பார், ஒரு தடவை அந்தக் கண்ணால் பார்ப்பார், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சத்தமாகக் கத்துகிற பக்கம் தீர்ப்புச் சொல்வார்.

விதிப்புத்தகமும் அவரிடம்தான். சுற்றுலா வந்தவர்கள் பந்தோடு விட்டுப்போன புத்தகம் அது. "கோல்கீப்பரைத் தவிர யாரும் பந்தைக் கையால் தொடக் கூடாது. சொந்தக் கோலுக்கு முன்னால் தொட்டால் பெனால்டி" என்று ஒரு பக்கத்தில் இருந்தது. கை என்றால் எது என்று சொல்லும் அடுத்த பக்கத்தை வெள்ளாடு தின்றுவிட்டது.

ஆட்டம் ஆரம்பித்துப் பத்தாவது நிமிடம். சாந்தப்பன் பந்தோடு கோலை நெருங்கினார். ஆலங்காட்டுக் காட்டுப்பன்றி ஒச்சப்பன் பாய்ந்து அவர் வாலைப் பிடித்தான். "விடாத ஒச்சு, விடாத" என்று மாசானம் கோட்டுக்கு வெளியில் நின்று கத்தினார். நாரை விசில் ஊதினார். பெனால்டி. அப்போதும் ஒச்சப்பன் விடவில்லை, பயிற்சி அப்படி. நரி பெனால்டி அடிக்கப் போனபோது வாலோடு அவனும் போனான்.

சுருளி விசில் சத்தத்துக்கே சுருண்டிருந்தான். நாரை அவனைத்தான் பந்து என்று நினைத்து எடுத்துப் பெனால்டி புள்ளியில் வைத்தார். "ஐயா, நான் கோல்கீப்பர்ங்க" என்று உள்ளிருந்து குரல் வந்த பிறகு திரும்பக் கொண்டுபோய் விட்டார். நரி அடித்த பந்து அவனைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போனது. வேலங்காடு ஒன்று, ஆலங்காடு சைபர்.

ஆலங்காட்டுக் கூட்டம் சுருளியைக் கிழித்துத் தோரணம் கட்டியது. வாலைப் பிடித்தவனையும் பிடிக்கச் சொன்னவரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. எளியவன் யாரென்று பார்த்துக் கோபப்படுவதற்குக் காட்டில் யாருக்கும் பயிற்சி தேவைப்படுவதில்லை.

இடைவேளைக்குப் பிறகு கோல் மாறினார்கள். இதை வேலங்காட்டுக் காட்டெருமை பூதத்தானிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். காலையில் அவனிடம் சொன்னது, "பாறை இருக்கிற பக்கம் அடி." அவன் சொன்ன சொல் மாறாதவன். குறுக்கே வந்த தன் ஆட்களையே முட்டித் தள்ளிவிட்டுப் பாறைப் பக்கம் இருந்த சொந்தக் கோலில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஒன்றுக்கு ஒன்று.

"எப்படி என் திட்டம்?" என்றார் மாசானம்.

அப்படியே நேரம் போனது. சமனில் முடிந்தால் மடு இரண்டு பக்கத்துக்கும் பொது என்பது வழக்கம். அங்கம்மா வெயிலைப் பார்த்தாள், மடுவைப் பார்த்தாள். இன்னும் நாலே நிமிடம். தொண்டை காய்ந்து கிடந்தது, ஆனாலும் ரொம்ப நாளைக்கப்புறம் மனசுக்குள் சந்தோஷமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சாந்தப்பன் தூரத்தில் இருந்து பந்தைத் தூக்கி அடித்தார். சுருளி சுருண்டான். பந்து அவனுக்கு மேலே கோலுக்குள் இறங்கப் போனது. அங்கம்மா யோசிக்கவில்லை. ஈ வந்தால் எப்படி விரட்டுவாளோ அப்படித் தும்பிக்கையைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினாள். பந்து வெளியே போய் விழுந்தது.

"ஹேண்டு, ஹேண்டு" என்று நரி தரையில் உருண்டார். அவரை யாரும் தொடவே இல்லை, பழக்கதோஷம்.

நாரை அங்கம்மாவிடம் வந்தார். "பந்து பட்டுச்சாம்மா?"

இந்த இடத்தில் நல்ல நீதிக்கதை என்றால் அவள் உண்மையைச் சொல்வாள், தேவதை ஒன்று வந்து பரிசு கொடுக்கும். அவளும் உண்மையைத்தான் சொன்னாள்.

"பட்டுச்சுங்க. ஆனா அது மூக்கு. மூக்குல படலாம்ல?"

"மூக்கா?" என்று நரி எழுந்து உட்கார்ந்தார். "ஐயா, அதுக்குப் பேர் என்னன்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க."

"தும்பிக்கை" என்றாள் அங்கம்மா.

"இன்னொரு தடவை, கடைசியில என்ன வருதுன்னு நல்லா அழுத்திச் சொல்லச் சொல்லுங்க ஐயா."

"தும்பிக்... கை" என்றாள் அவள், குரல் இறங்கிவிட்டது.

காக்கை வெள்ளைச்சாமி கீழே பறந்து வந்து கோல்போஸ்ட் கம்பியில் உட்கார்ந்தார். புத்தகத்தைப் புரட்டினார். ஆடு தின்ற பக்கத்தை இந்தக் கண்ணாலும் அந்தக் கண்ணாலும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "பேரில் கை இருந்தால் அது கை. பெனால்டி."

"அவ அதால மூச்சு விடுறாய்யா" என்றான் ஒச்சப்பன்.

"மூச்சு விடுறது அவங்க சொந்த விஷயம்."

மாசானம் மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். நாரை பழுத்த மஞ்சள் இலை ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இது எச்சரிக்கை" என்றார். "எச்சரிக்கையிலயும்தான் கை இருக்கு, அதைக் கையால தொடலாமா?" என்று கேட்டார் மாசானம். அந்த மனுசர் வாழ்நாளில் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். அதற்காக அவரை வெளியே அனுப்பினார்கள்.

அங்கம்மா சுருளியிடம் போய்க் குனிந்தாள். "தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். இந்த ஒரு தடவை மட்டும் சுருளாம நில்லு. கண்ணை வேணா மூடிக்க."

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான் பயமா இருக்கு. நான் சுருள முடியுமா சொல்லு."

சுருளி நின்றான். கண்ணை இறுக்கி மூடி, கையை விரித்து நின்றான். சாந்தப்பன் ஓடிவந்து அடித்த பந்து நேராக அவன் வயிற்றில் பட்டு மேலே எகிறியது. ஆலங்காடு ஓவென்று கத்தியது. கத்தி முடிப்பதற்குள் பந்து மேலே போய்க் கம்பியில் உட்கார்ந்திருந்த வெள்ளைச்சாமியின் நெஞ்சில் மோதி, கோலுக்குள் விழுந்தது.

நாரை காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். விசில் ஊதினார். கோல்.

"கோல் எப்படிய்யா செல்லும்?" என்று அங்கம்மா கேட்டாள். அவளுக்கு இப்போது கண் கலங்கி இருந்தது. "உங்க பேர் காக்கை. உங்க பேர்லயும்தான் கை இருக்கு. உங்க சட்டப்படி பந்து கையில பட்டுத்தானே உள்ள போச்சு?"

வெள்ளைச்சாமி இடது கண்ணால் அவளைப் பார்த்தார், வலது கண்ணால் வேலங்காட்டைப் பார்த்தார்.

"காக்கைங்கிறது புத்தகத்துல. ஊர்ல எல்லாரும் என்னைக் காக்கான்னுதான் கூப்பிடுவாங்க. கோல் செல்லும்" என்றார்.

இப்படியாக ஆலங்காடு இரண்டுக்கு ஒன்று என்று மூன்றாம் வருசமும் தோற்றது. "சுருளாம நின்னு கெடுத்துட்டான். சுருண்டு கிடந்திருந்தா நேரா உள்ள போயிருக்கும், கௌரவமாவது மிஞ்சியிருக்கும்" என்று சுருளியைத் திட்டினார்கள். அங்கம்மாவைத் திட்டுவதற்கு எளிதான வார்த்தை கிடைத்தது. கை நீட்டினவள்.

நரிக்கு ஆனாலும் ஒரு பயம். அடுத்த வருசம் இவர்கள் வெள்ளாடு தின்னாத புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து வழக்குப் பேசினால் என்ன செய்வது? "ஐயா, தீர்ப்பைப் பக்காவா எழுதிருங்க. இன்னைக்கு மட்டும் கைன்னு இருக்கக் கூடாது. எந்த இடத்திலும் எக்காலத்திலும் அது கைதான்னு இருக்கணும். மூக்குங்கிற பேச்சே எடுக்கக் கூடாது" என்றார். காக்கை தேக்கிலையில் அப்படியே கீறினார். "தும்பிக்கை என்பது எவ்விடத்தும் எக்காலத்தும் கையே, மூக்கு அன்று."

"எனக்கு ஒரு நகல் வேணும்" என்றாள் அங்கம்மா.

யாரும் இதுவரை நகல் கேட்டதில்லை. "எதுக்கு?" என்றார் நாரை.

"என்னைத் தோக்கடிச்சது எதுன்னு நான் வச்சுப் பாக்க வேணாமா?"

நகல் கேட்க விண்ணப்பம், விண்ணப்பத்துக்கு மூன்று பிரதி, மூன்றிலும் கடைசியில் 'கையெழுத்து அல்லது கைரேகை' என்று கட்டம். அங்கம்மா தும்பிக்கை நுனியைச் செம்மண்ணில் தோய்த்து மூன்று இலையிலும் வைத்தாள். வெள்ளைச்சாமி சரிபார்த்து, "கைரேகை சரி" என்று எழுதி, ஒன்றில் தீர்ப்பின் நகலையும் கீறிக் கொடுத்தார். நரி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். சந்தோஷத்தில் இருப்பவர்கள் எதைப் படித்துப் பார்த்திருக்கிறார்கள்?

மறுநாள் காலை ஆலங்காட்டார் கல்குவாரிக்குக் கிளம்பினார்கள். அங்கம்மா வரவில்லை. காலை இழுத்து இழுத்து மடுவுக்குப் போனாள். கரையில் நின்று தும்பிக்கையைத் தண்ணீரில் விட்டாள். எடுத்தாள், வாயில் ஊற்றிக்கொண்டாள், மறுபடியும் விட்டாள்.

வேலங்காட்டுக் காவல் மான் அலறி அடித்துக்கொண்டு ஓடி நரியைக் கூட்டி வந்தது.

"என்ன அக்கா இது? ஒப்பந்தம் மறந்துபோச்சா? வாயோ மூக்கோ வைக்கலாகாது" என்றார் சாந்தப்பன், மருத மரத்தைக் காட்டி.

"வாய் இங்க கரையில இருக்கு தம்பி, பாத்துக்க. மூக்குன்னு எனக்கு ஒண்ணு இருக்கிறதா நீங்கதான் ஒத்துக்கலையே. நான் கை கழுவுறேன்."

"கையில அள்ளிக் குடிக்கிறீங்க."

"மந்திங்க வருசா வருசம் அப்படித்தான் குடிக்குது. ஏதாவது கேட்டியா?" என்று சொல்லிவிட்டுத் தேக்கிலையை எடுத்து அவர் முன்னால் போட்டாள். எவ்விடத்தும் எக்காலத்தும். கைரேகை சரி. கீழே அவருடைய சாட்சிக் கையெழுத்து.

நரி வெள்ளைச்சாமியிடம் ஓடினார். "ஐயா, அது மூக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"தாராளமா சொல்லலாம்" என்றார் காக்கை. "மூக்குன்னு சொன்னா பெனால்டி செல்லாது. பெனால்டி செல்லாட்டி கோல் செல்லாது. கோல் செல்லாட்டி ஆட்டம் சமன், மடு பொதுவாயிரும். ரெண்டு காடும் குடிக்கும். சொல்லட்டுமா?"

நரி ரொம்ப நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு காடு முழுக்கக் குடிப்பதைவிட ஒரு யானை கை கழுவுவது மேல் என்று பட்டது. "கையாவே இருக்கட்டும்" என்றார்.

அங்கம்மாவுக்கு ஒரு தடவை கை கழுவ ஒரு முழு வேளை ஆகும் என்பது அவருக்கு அப்போது தெரியாது. வயிறு நிறைந்த பிறகு அவள் ஆலங்காட்டுப் பக்கத்துப் பாறைக்குழிகளில் கையை உதறினாள். ஒரு உதறலுக்கு ஒரு குழி நிறைந்தது. சேதி கேட்டு, கல்குவாரி வரிசையில் பாதி பேர் டோக்கனைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். முதல் குழியில் சுருளியைக் குடிக்க விட்டாள். கை நீட்டினவள் என்று சொன்னவர்கள் எல்லாரும், "எங்க அக்கா கை ராசியான கை" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வரிசையில் நின்றார்கள்.

"இதெல்லாம் தொடக்கத்தில் இருந்தே என் திட்டம்" என்றார் மாசானம். அவர் கடைசியில் நின்றார்.

சாயங்காலம் நரி திரும்பவும் வந்து பார்த்தார். மடு ஒரு முழம் இறங்கியிருந்தது. அங்கம்மா இன்னும் தண்ணீரில் தும்பிக்கையை விட்டபடி நின்றாள்.

"அக்கா, கை கழுவ வேணாம்னு சொல்லல. ஆனா இன்னும் எவ்வளவு நேரந்தான் கழுவுவீங்க?"

"மழை வரைக்கும் ஆகும் தம்பி" என்றாள் அங்கம்மா. "தப்பு செஞ்ச கை பாரு, அவ்வளவு லேசுல அழுக்குப் போக மாட்டேங்குது."

நீதி: தவறு செய்தால் கையும் களவுமாக மாட்டிக்கொள், தீர்ப்பின் நகலை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்.